இருபது ரூபாய்த் தரகு: ஓர் ஆராய்ச்சி

பங்குத் தரகு இருவகைப்படும். வணிகத் தொகை வளர வளரத் தானும் வளர்வது ஒன்று. தொகை எவ்வளவாயினும் அசையாமல் நிற்பது மற்றொன்று. முன்னது விழுக்காட்டுத் தரகு. பின்னது ஒற்றைக் கட்டணத் தரகு. ஒரு லட்ச ரூபாய்க்கு ஆர்டர் போடுபவரிடமும் ஒரு கோடிக்குப் போடுபவரிடமும் அதே இருபது ரூபாயைக் கேட்டுப் பெறுவது பின்னதன் இலக்கணம். சாதியும் செல்வமும் பாராது எல்லாரையும் ஒருநிகராக நடத்தும் அமைப்புகள் நாட்டில் அரியன. அவ்வகையில் இத்தரகு அரசியல் சட்டத்தின் முகப்புரைக்கு மிக நெருங்கி வருகிறது எனலாம்.

எந்தத் தரகுத் தளம் மலிவு, எது நம்பகம் என்னும் வினா கல்யாணப் பந்தி முதல் நடைப்பயிற்சிப் பூங்கா வரை எழுப்பப்படுகிறது. இத்துறையில் வாய்மொழி ஆராய்ச்சி செழித்த அளவுக்கு எழுத்துவழி ஆராய்ச்சி செழிக்கவில்லை. கார் வாங்குபவர் ஒரு வாரத்தில் முடிவுக்கு வருகிறார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர் ஒரு மாதத்தில் வருகிறார். தரகு இருபதா பதினைந்தா என்பதில் மட்டும் ஆண்டுக்கணக்கில் மனம் ஒருநிலைப்படுவதில்லை. பொருளின் அருமைக்கு இதனினும் மேலான சான்று வேண்டா.

முதற்கண் தோற்றம். விழுக்காட்டுத் தரகு மரத்தடியில் பிறந்தது. 1792 மே 17 அன்று நியூயார்க் வால் வீதியில் ஒரு பட்டன்வுட் மரத்தின் பெயரால் 24 தரகர்கள் ஒன்றுகூடி, கால் விழுக்காட்டுக்குக் குறைந்த தரகை எவரிடமும் வாங்குவதில்லை என்று கையெழுத்திட்டனர். பம்பாயில் 1850களில் டவுன் ஹாலுக்கு எதிரே ஆலமரத்தடியில் கூடிய தரகர்கள் 1875-இல் சங்கமாயினர். இரு கண்டங்களிலும் நிழல் இருந்த இடத்தில் தரகு இருந்தது. நியூயார்க்கில் நிலைத்த விகிதத் தரகு முறை 1975 மே 1 வரை, ஏறத்தாழ 183 ஆண்டுகள், தாக்குப்பிடித்தது. லண்டனில் அது 1986 அக்டோபர் 27-இல் ஒழிந்தது. இந்தியாவில் ஒற்றைக் கட்டணம் வேர்விட்ட இடமோ பெங்களூர். 2010-இல் ஜெரோதா என்னும் தரகுத் தளம் அங்கே தொடங்கப்பட்டது. அந்நகரம் அக்காலத்தில்தான் மெட்ரோ ரயிலுக்காகவும் சாலையை அகலப்படுத்தவும் மரங்களை வெட்டிக்கொண்டிருந்தது. நிழல் குறைந்தால் தரகும் குறையும் என்று இதிலிருந்து விதி செய்வது அவசரமாகும். ஆயினும் சென்னைச் சந்தையின் வரலாறு அவ்விதிக்கு முட்டுக்கொடுக்கிறது. 1920-இல் ஒருமுறையும் 1937-இல் மறுமுறையும் தொடங்கிய அச்சந்தை, செகண்ட் லைன் பீச்சில் கூரையும் சுவரும் உடைய கட்டடத்துக்குள் இயங்கியது. 2015-இல், சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் அனுமதியோடு சந்தை என்னும் தகுதியையே துறந்தது. மரத்தடியில் தொடங்கிய பம்பாய்ச் சந்தை இன்றும் நடக்கிறது.

இனி, விழுக்காட்டுத் தரகில் அடங்கிய பொருள்கள் யாவை என்பதை ஆராய்தல் வேண்டும். பழைய தரகர் பங்கை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வாடிக்கையாளரிடம் வழக்கமாக அரை விழுக்காடு வாங்கினார். ஒரு லட்சத்துக்கு ஐந்நூறு ரூபாய். ஒற்றைக் கட்டணத்தில் அதே வேலைக்கு இருபது. இடைவெளி நானூற்று எண்பது. இத்தொகைக்கு ஈடாக வாடிக்கையாளர் பெற்றவை நான்கு: காபி, நாட்காட்டி, குடும்ப நல விசாரிப்பு, ஆலோசனை.

காபியின் மதிப்பைக் கணிப்பதில் சிக்கலில்லை. அது இருபது ரூபாய். தரகர் அலுவலகக் காபி டபராவோடு வருமாயின் இருபத்தைந்து எனக் கொள்ளலாம். நாட்காட்டியோ ஆண்டுக்கு ஒன்று. ஆண்டில் பன்னிரண்டு முறை வணிகம் செய்பவருக்கு வணிகம் ஒன்றுக்கு ஒரு தாள் வீதம் விழும். முருகன் படம் எல்லா மாதங்களுக்கும் பொதுவாகையால் அதைப் பன்னிரண்டாகப் பகுப்பது முறையாகாது. குடும்ப நல விசாரிப்புக்குச் சந்தை விலை இல்லை. ஆக, மீந்து நிற்கும் நானூற்றுச் சொச்சம் முழுவதும் ஆலோசனையின் விலை என்பது கழித்தல் கணக்காலேயே புலனாகும். அவ்வாலோசனை பெரும்பாலும் ஒரே தொடராக அமைந்திருந்தது: “வெச்சிருங்க சார், வரும்.” எது வரும், எப்போது வரும் என்பன இத்தொடரில் கூறப்படாமையின் இது எக்காலத்தும் பொய்ப்பதில்லை. பொய்க்காத ஆலோசனைக்கு நானூறு ரூபாய் மிகையா என்பதை அவரவர் கையிலுள்ள பழைய பங்குச் சான்றிதழ்களைக் கொண்டு முடிவு செய்யலாம்.

ஒற்றைக் கட்டணத் தளங்கள் காபியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் டிக்கெட் எண்ணை வைத்தன. வாடிக்கையாளர் குறை தெரிவித்தவுடன் ஓர் எண் வரும். அது சூடாக இராது எனினும் பன்னெடுநாள் கெடாது. மனிதரோடு பேசியே ஆர்டர் போட விரும்புவோருக்கும் வழி அடைபடவில்லை. தொலைபேசியில் சொல்லி ஆர்டர் போட்டால் 50 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் என்று கட்டணப் பட்டியலில் ஒரு வரி உண்டு. விரலால் தொட்டால் இருபது, வாயால் சொன்னால் அதன்மேல் ஐம்பது. மனிதக் குரலின் விலை வணிகத்தின் விலையைப் போல் இரண்டரை மடங்கு என்பது இவ்வாறு முதன்முதலாக நிறுவப்பட்டது.

இனி இவ்வாராய்ச்சியின் நடு நாடிக்கு வருவோமாக.

ஒற்றைக் கட்டணம் என்று விளம்பரத்தில் கூறப்படுவது உண்மையில் முழு ஒற்றை அன்று. ஒரே நாளில் வாங்கி விற்கும் வணிகத்துக்கு “0.03 விழுக்காடு அல்லது இருபது ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது” என்பதே ஜெரோதாவின் விதி. ஆகவே ஒவ்வொரு ஆர்டரும் இரு நாடுகளுள் ஒன்றில் வாழ்கிறது. சிறிய ஆர்டர் விழுக்காட்டு நாட்டினது. பெரியது ஒற்றைக் கட்டண நாட்டினது. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லைக்கல் 66,666 ரூபாய் 67 காசில் நடப்பட்டிருக்கிறது. இவ்வெல்லையின் இப்புறம் நின்று 60,000 ரூபாய்க்கு வாங்குபவர் 18 ரூபாய் செலுத்துகிறார்; அப்புறம் சென்று 6 லட்சத்துக்கு வாங்குபவர் 20 செலுத்துகிறார். பத்து மடங்கு முன்னேற்றத்துக்கு இரண்டு ரூபாய். 0.1 விழுக்காடு என்று விதி வகுத்த தளங்களில் எல்லைக்கல் 20,000 ரூபாய்க்கே நகர்ந்துவிடுகிறது. அங்கே ஏழையும் விரைவில் பணக்காரக் கட்டணத்தை எட்டிவிடலாம்.

எல்லைக்கல்லின் மேலேயே நின்று ஆர்டர் போடுபவரின் நிலை யாது? அவர் செலுத்தும் இருபது ரூபாய் விழுக்காட்டால் விளைந்ததா, ஒற்றைக் கட்டணத்தால் விளைந்ததா? இருசார் கருத்து நிலவக்கூடும். விழுக்காடே முதலில் கூறப்பட்டமையின் அது விழுக்காட்டு இருபதே என்பர் ஒருசாரார். உச்ச வரம்பு விழுக்காட்டை விழுங்கிவிடுதலின் அது ஒற்றை இருபதே என்பர் பிறிதொருசாரார். இரண்டு இருபதும் ஒரே வங்கிக் கணக்குக்கே போய்ச் சேர்கின்றன என்பது ஒப்புக்கொள்ளத்தக்கதாயினும், அது கணக்கரின் பார்வை, ஆராய்ச்சியாளருக்கு உகந்ததன்று.

விழுக்காடு, ஒற்றை என்னும் இரண்டுக்கும் அப்பால் மூன்றாம் நிலை ஒன்றுண்டு. அதுவே பூச்சியம். 2015 டிசம்பரில் ஜெரோதா, வாங்கிய பங்கை அன்றே விற்காமல் டீமேட் என்னும் மின்வடிவக் கணக்கில் வைத்துக்கொள்வோருக்குத் தரகே வேண்டாம் என்று அறிவித்தது. அன்று முதல் பூச்சியம் இத்துறையின் தலையாய எண்ணாயிற்று. பூச்சியத்தில் வேறுபாடு ஏது என்று கணித நூலார் வினவக்கூடும். பங்குத் தரகில் அது பலவாகக் கிளைக்கும்.

முதலாவது தூய பூச்சியம். மேற்கூறியது அதற்கு எடுத்துக்காட்டு. அடுத்தது காலவரைப் பூச்சியம்: டீமேட் பராமரிப்புக் கட்டணம் முதலாண்டில் இல்லை என்பது. இது இரண்டாம் ஆண்டு பிறக்கும் வரை முற்றிலும் உண்மையானது. மூன்றாவது நிபந்தனைப் பூச்சியம். 2024 செப்டம்பர் முதல், ஒருவர்க்கு நாடு முழுதும் ஒரே டீமேட் கணக்கு இருந்து, அதிலுள்ள பங்குகளின் மதிப்பு 4 லட்ச ரூபாய்க்கு மிகாதாயின், அடிப்படைச் சேவைக் கணக்கு என்னும் வகையில் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. 4 முதல் 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய். இவ்வகையினர் தம் பங்குகள் விலையேறுவதைக் கலக்கத்தோடு நோக்கும் ஒரே முதலீட்டாளர் இனமாவர். 3,99,000-இல் நிற்கும் கணக்கில் ஒரு நல்ல செய்தி வந்துவிட்டால் நூறு ரூபாய் போயிற்று. நான்காவது மீட்கப்பட்ட பூச்சியம்: ஒருகால் பூச்சியமாக இருந்து பின் பூச்சியமாக இல்லாமற்போனது. ஏஞ்சல் ஒன் என்னும் தளம் 2024 நவம்பரில் இவ்வகைக்கு இலக்கியமாயிற்று. பங்கை வைத்துக்கொள்ளும் டெலிவரி வணிகத்துக்கு இருபது ரூபாய் அல்லது 0.1 விழுக்காடு, குறைவானது எதுவோ அது, என்று திரும்பிக்கொண்டது.

தூய பூச்சியம் எதை உண்டு உயிர் வாழ்ந்தது என்பதும் விளக்கத்துக்குரியது. பங்குச் சந்தைகள் தம் பரிவர்த்தனைக் கட்டணத்தைத் தட்டுத் தட்டாக வகுத்திருந்தன. மாதம் முழுதும் பெருவணிகம் செய்த தரகருக்குக் குறைந்த விகிதம். அத்தரகரோ வாடிக்கையாளரிடம் தினந்தோறும் உயர்ந்த விகிதத்தில் வாங்கிவந்தார். இடைப்பட்டது அவர் பங்கு. 2024 ஜூலை 1-ஆம் நாள் செபி ஒரு சுற்றறிக்கை விட்டது: பட்டியலில் எது எழுதியிருக்கிறதோ அதுவே சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும், எல்லாத் தரகர்க்கும் ஒரே விகிதம், அக்டோபர் 1 முதல். பூச்சியத்தின் சாப்பாட்டுத் தட்டில் ஒரு கூட்டு குறைந்தது. குறைந்த பின்னும் சில தளங்களில் பூச்சியம் தளராமல் நிற்பது வியப்புக்குரியது. மற்றக் கூட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பது பின்னர் ஓரிடத்தில் கூறப்படும்.

தூய பூச்சியத்தின் விலை எவ்வளவு? 10,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கி, அடுத்த மாதம் அதே விலைக்கு விற்று, இலாபமும் நட்டமும் இன்றி வெளியேறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போது 10 ரூபாய், விற்கும்போது 10 ரூபாய். இவ்வரி 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதைக் கொணர்ந்த நிதியமைச்சர் ப. சிதம்பரம் அப்போது சிவகங்கைத் தொகுதி உறுப்பினர் என்பது தமிழர் இத்துறைக்கு ஆற்றிய தொண்டுகளுள் குறிக்கத்தக்கது. முத்திரைத் தீர்வை, வாங்கும்போது மட்டும், ஒன்றரை ரூபாய். தேசியப் பங்குச் சந்தையின் கட்டணம், 2024 அக்டோபர் விகிதப்படி, இருமுறைக்குமாக 59 காசு. செபியின் கட்டணம் ஒருமுறைக்கு ஒரு காசு. சந்தைக்கும் செபிக்கும் சேர்த்துச் செலுத்தியதன்மேல் ஜிஎஸ்டி 11 காசு. விற்ற அன்று பங்கை டீமேட் கணக்கிலிருந்து வெளியேற்ற 15 ரூபாய் 34 காசு. கூட்டினால், பூச்சியத் தரகின் மொத்தம் 37 ரூபாய் 56 காசு.

இதனுள் செபியின் ஒரு காசு தனிக் கவனத்துக்குரியது. கோடிக்குப் பத்து ரூபாய் என்பது அவர்களின் விகிதம். பத்தாயிரத்துக்கு ஒரு காசு. 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாதவையாயின. நாட்டில் இல்லாத நாணயத்தைக் கொண்டு நாட்டின் சந்தை முழுவதும் கண்காணிக்கப்படுகிறது.

அந்த 15 ரூபாய் 34 காசையும் பகுத்துக் காண்பது பயனுடைத்து. மூன்றரை ரூபாய் சிடிஎஸ்எல் என்னும் வைப்பகத்துக்கு. ஒன்பதரை ரூபாய் தரகருக்கு. இரண்டு ரூபாய் 34 காசு ஜிஎஸ்டிக்கு. ஒரே பங்கில் ஒன்றை விற்றாலும் ஆயிரத்தை விற்றாலும் அன்றைக்கு ஒருமுறைதான். உண்மையான ஒற்றைக் கட்டணம் இதுவே. தரகரின் விளம்பரத்தில் இடம்பெறாத ஒற்றைக் கட்டணமும் இதுவே. கணக்கின் முதற்பெயர் பெண்ணுடையதாயின் வைப்பகம் தன் மூன்றரை ரூபாயில் 25 காசு தள்ளுபடி தருகிறது. ஜிஎஸ்டியையும் சேர்த்தால் சேமிப்பு இருபத்தொன்பதரைக் காசு.

இத்தள்ளுபடியை முழுமையாக ஆராய்ந்தவர் நங்கநல்லூரில் வாழும் ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர் ஒருவர். தம் பெயரில் பழைய வங்கிக் கணக்கோடு ஒட்டிக்கிடந்த சில பங்குகளை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டால் ஒவ்வொரு விற்பனையிலும் இருபத்தொன்பதரைக் காசு மிச்சம் என்று அவர் கண்டார். மாற்றும் செலவு, ஒரு பங்கு வகைக்குத் தரகர் பட்டியல்படி குறைந்தது 25 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதாவது இருபத்தொன்பதரை ரூபாய். ஆகவே ஒவ்வொரு வகையையும் சரியாக நூறுமுறை விற்றால் போட்ட பணம் திரும்பிவிடும். நூற்றோராவது விற்பனையிலிருந்து இலாபம். மனைவிக்குக் கொடுத்த பங்கால் வரும் வருமானம் வருமான வரிச் சட்டப்படி கணவர் கணக்கிலேயே சேர்க்கப்படும் என்பதையும் அவர் ஓரக்குறிப்பாக எழுதியிருந்தார். திட்டத்தை அம்மையாரிடம் விளக்கியபோது அவர் அரிசி களைந்துகொண்டே, “அந்தக் காச நானே தந்துடறேங்க, விட்டுடுங்க” என்றார். நூறு விற்பனைக்கும் முன்பணமாகவா, அவ்வப்போதா என்பது அன்று தெளிவுபடவில்லை.

நம்பகம் என்பது செலவினும் நுட்பமானது. தளம் முடங்குதலை அதன் தோற்றத்தால் நால்வகையாகப் பிரிக்கலாம். உள்ளே விடாமை, உள்ளே விட்டு விலையைக் காட்டாமை, விலையைக் காட்டி ஆர்டரை ஏற்காமை, ஆர்டரை ஏற்று, ஏற்றதைச் சொல்லாமை. இவற்றுள் நான்காவதே கொடிது. அதன் வயப்பட்டவர் அதே ஆர்டரை மும்முறை போட்டு, பிற்பகலில் மும்மடங்கு பங்குக்கு உடைமையாளர் ஆகிறார். முடக்கம் பெரும்பாலும் காலை 9.15-க்குச் சந்தை திறந்த அடுத்த நொடிகளில் நிகழ்வதை இத்துறையினர் யாவரும் அறிவர். மீதி நேரத்தில் எல்லாத் தளங்களும் மிக நன்றாக வேலை செய்கின்றன. நள்ளிரவில் அவற்றின் நம்பகம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

எவ்வளவு நேரம் நின்றால் முடக்கம்? 2022 நவம்பரில் செபி வகுத்த வரையறைப்படி, தொடர்ந்து ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ கோளாறு நீடித்தால்தான் அது தொழில்நுட்பக் கோளாறு. ஆதலின் 4 நிமிடம் 59 நொடி நின்ற தளம் நிற்கவில்லை. அவ்விடைவெளியில் விற்க முடியாமற்போனவர் விற்க முயலவில்லை என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. வரையறைகள் இன்றி ஆராய்ச்சி இல்லை. வரையறைக்குள் வராத துன்பத்துக்கு ஆராய்ச்சியாளர் பொறுப்பல்லர்.

2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையே முற்பகல் 11.40-க்கு நின்று, மாலை 3.45-க்கு மீண்டெழுந்து, 5 மணி வரை நடந்தது. நாட்டின் மிக மலிவான தளமும் மிக விலையுயர்ந்த தளமும் அன்று சம அளவில் நம்பகமாக இருந்தன. ஒப்பீட்டு ஆராய்ச்சி வரலாற்றில் அவ்வளவு தெளிவான முடிவு அதற்கு முன்னும் பின்னும் கிட்டியதில்லை.

இவ்விடத்து ஒன்றைச் சுருக்கமாகக் கூறிச் செல்லலாம். வாங்கிய பங்குகள் தரகரிடம் இருப்பதில்லை. 1996-இல் தோன்றிய என்எஸ்டிஎல், 1999-இல் தோன்றிய சிடிஎஸ்எல் ஆகிய இரு வைப்பகங்களில் ஒன்றில், வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்கின்றன. தரகர் கடையை மூடினாலும் அவை அங்கேயே இருக்கும். அபாயம் வந்தது வேறு வழியாக: வாடிக்கையாளர்கள் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு கார்வி என்னும் தரகு நிறுவனம் அவர்களின் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியது, 2019 நவம்பர் 22-இல் செபி அதைத் தடுத்து ஆணையிட்டது. அதன் பின் அதிகாரப் பத்திரத்தின் கை சுருக்கப்பட்டது. இப்போது அத்தகைய பத்திரம் எழுதித் தராதவர் விற்கும் நாளில் ஆறிலக்க எண்ணும் கைப்பேசிக்கு வரும் ஓடிபியும் வைப்பகத்துக்கே நேரே போகின்றன. எந்தத் தளம் நம்பகம் என்று அறிய, வைப்பகத்திலிருந்து மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து, தளம் காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டாலே போதும். கடவுச்சொல் பான் எண், பெரிய எழுத்தில். இது பயனுடையதாயினும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுவதால் ஆராய்ச்சிக்குரிய ஆழம் இதற்கில்லை.

அதே காரணத்தால் மியூச்சுவல் ஃபண்டுகளைப் பற்றியும் இங்கு விரிப்பதற்கில்லை. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டுக்கும் நேரடித் திட்டம் ஒன்று உண்டு. இடைத்தரகர் கமிஷன் அதில் சேராது. பங்கு சார்ந்த ஃபண்டில் வழக்கத் திட்டத்துக்கும் நேரடித் திட்டத்துக்கும் ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டை ஒட்டிய வேறுபாடு இயல்பு. பத்து லட்சத்துக்கு அது ஆண்டுதோறும் பத்தாயிரம் ரூபாய். இத்துணைப் பெரிய தொகை கண்ணுக்கு எளிதில் புலப்படுவதால் நுண்ணாய்வுக்கு இடந்தராது. ஜெரோதாவின் காயின் தளம் 2017-இல் இச்சேவைக்கு மாதம் 50 ரூபாய் என்னும் ஒற்றைக் கட்டணம் விதித்து, 2018-இல் அதைக் கைவிட்டது என்பதே இதில் கவனத்துக்குரிய செய்தி. மாதம் ஐம்பது என்றபோது அது நியாயமா என்று நெடிய விவாதங்கள் நடந்தன. இலவசமானதும் அறிஞர்கள் கலைந்துவிட்டனர்.

பூச்சியத்தின் மற்றக் கூட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்று கூறுவதாக மேலே சொல்லப்பட்டது. எஃப் அண்ட் ஓ என்னும் முன்பேர வணிகத்திலிருந்து வருகின்றன. அங்கே ஒவ்வொரு ஆர்டருக்கும் இருபது ரூபாய் தவறாது விழும். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இவ்வணிகத்தில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களுள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். நட்டமடைந்தவரின் சராசரி இழப்பு ஏறத்தாழ 2 லட்ச ரூபாய். அனைவருடைய இழப்பும் கூடி 1.8 லட்சம் கோடிக்கு மேல். எனினும் நட்டம் என்பது கட்டணம் அன்று. கட்டணப் பட்டியல் எதிலும் அது இடம்பெறவில்லை. ஜிஎஸ்டியும் அதன்மேல் விதிக்கப்படுவதில்லை. ஆதலின் அது இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. எல்லைக்குள் வருவது, அந்த இரண்டு லட்சத்தை ஆர்டருக்கு இருபது ரூபாய் வீதம் இழந்தாரா, பதினைந்து ரூபாய் வீதம் இழந்தாரா என்பது மட்டுமே.

நங்கநல்லூர் அறிஞரின் முறை இவ்விடத்தும் எடுத்துக்காட்டத்தக்கது. பதினான்கு தளங்களின் கட்டணங்களை நீளமான கணக்கேட்டில் சிவப்பு, நீலம், பச்சை மசிகளால் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 354 ரூபாயா, காலாண்டுக்கு 88 ரூபாய் 50 காசா என்பதில், இரண்டும் கூட்டினால் ஒன்றே எனினும், முதல் மூன்று மாதத்துக்குள் கணக்கை மூடுபவருக்கு எது ஆதாயம் என்று தனித்தாள் ஒட்டியிருக்கிறார். கணக்கைத் தொடங்குமுன்னரே மூடுதலையும் எண்ணிப் பார்ப்பது தணிக்கைத் துறையின் மரபு. பத்திகள் நிறைவடையும் தறுவாயில் ஏதேனும் ஒரு தளம் தன் கட்டணத்தை மாற்றிவிடுகிறது. அவரும் அப்பத்தியை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறார். முதலீட்டுக்கென ஒதுக்கிய ஐந்து லட்ச ரூபாய், முடிவு தெரியும் வரை, அரசு வங்கிச் சேமிப்புக் கணக்கில் 2.7 விழுக்காடு வட்டியில் பல்லாண்டு இருந்தது. பின்னர் அவ்வட்டியும் இரண்டரைக்கு இறங்கிற்று. அவ்வங்கியிலேயே வைப்புத்தொகைக்கு ஆறு விழுக்காட்டுக்கு மேல் கொடுத்தார்கள். இதனால் ஆண்டுதோறும் நேர்ந்த வேறுபாடு பதினைந்தாயிரத்துக்குக் குறையாது என்று அவருடைய மருமகன் ஒருநாள் சொன்னார்.

“அது கட்டணம் இல்லையே மாப்பிள்ளை,” என்றார் அவர். “எந்தப் பத்தியில எழுதறது?”

வகைப்படுத்த இயலாததைக் கணக்கில் கொள்ளாமை அறிவியல் நெறிக்கு முற்றும் இயைந்தது. அம்மருமகனோ நெறியறியாதவர். 2021-இல் தொலைக்காட்சி விளம்பரத்தில் முதலாவதாகக் கண்ட ஆப்பைக் கைப்பேசியில் இறக்கி, அன்று மாலையே கணக்குத் தொடங்கி, நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டின் நேரடித் திட்டத்தில் மாதம் ஐயாயிரம் ரூபாய் தானாகப் போகும்படி செய்துவிட்டு, அதன் பின் அந்த ஆப்பைத் திறந்ததில்லை. தம் தளத்தின் தரகு இருபது ரூபாயா, 0.1 விழுக்காடா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. எல்லைக்கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்பதும் தெரியாது. ஆதலின் இவ்வாராய்ச்சிக்கு அவரால் ஆவதொன்றுமில்லை.